உயிருடன் இருந்ததற்கு ஒரு புள்ளி கழிவு

பட மேன்மைக் குழு தொடங்கப்பட்ட அன்று நிச்சலனம் இருதய மையத்தில் முதலில் உடைந்தது ஒரு தேங்காய். இரண்டாவது, வாசலில் டீ விற்றுக்கொண்டிருந்தவரின் முன்பல். இரண்டுக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று என்னிடம் குறிப்பு இல்லை. நான் அன்று அங்கே போகவில்லை, இரண்டும் கேள்விப்பட்டவை. கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே எழுதிவைப்பது என் வழக்கம்.

பகலில் நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் பேல் எனப்படும் துணிப்பொதிகளை அவிழ்த்துச் சரக்கு எழுதுகிறேன். மாலையில் அதே தெருவில் ஒரு மாடியில் நடக்கும் தரக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் வகுப்புக்குப் போகிறேன். எதை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் அளக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் என் நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறேன்: நேரம், இடம், அளவு, சந்தேகம். நான்காவது கட்டம் வகுப்பில் சொன்னதல்ல, நானே சேர்த்துக்கொண்டது. மற்ற மூன்றும் நிரம்புவதற்குள் அது நிரம்பிவிடும்.

இந்த நோட்டில் அளக்கப்பட்டவர் என் தாய்மாமா அப்புசாமி. திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் முப்பத்தொரு வருடம் டிரில்லராக இருந்தவர். போன பங்குனியில் ராய்ப்பூருக்கு அப்பால் ஒரு வயலில் துளைக்கும் இரும்பு ராடு மாற்றிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கிற வால்வு சுண்ணாம்பு ஏறி இறுகிவிட்டது என்றார்கள். நெஞ்சைத் திறக்காமல், தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வை ஏற்றி வைத்துவிடலாம். ஆனால் எந்த அளவு வால்வு என்பதை சி.டி. ஸ்கேன் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"சின்னதா வெச்சா நழுவிடும். பெருசா வெச்சா கிழிச்சிடும். குழுவோட முத்திரை இருக்கிற தெளிவான படம் வரணும். வந்தா இருபத்தேழாம் தேதி வெச்சிடலாம். அதுக்கு மேல இவரால தள்ள முடியாது," என்றார் அறுவை மருத்துவர். சொல்லிவிட்டு இரண்டாம் மாடிக்குப் போய்விட்டார். அதன்பின் நாங்கள் குழுவின் கையில் இருந்தோம்.

படம் ஏன் கலங்குகிறது என்பதை, ஸ்கேன் எடுக்கும் அபிநயா எனக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

"ஓடற லாரிய போட்டோ புடிச்சா நம்பர் தெரியாதில்லைங்க, அதே கதைதான். துடிப்பு அறுபத்தஞ்சுக்குக் கீழ இருந்தா லாரி மெதுவா போகுதுன்னு வெச்சுக்கங்க. மத்தவங்களுக்கு மாத்திரை குடுத்துக் கொறைக்கலாம். வால்வு இறுகினவங்களுக்கு அதை அள்ளிக் குடுக்க முடியாது. அவங்க பயப்படாம படுத்திருந்தாலே பாதி வேலை முடிஞ்சிடும்."

இந்தக் கடைசி வாக்கியத்திலிருந்துதான் குழு பிறந்தது. அதன் தலைவர் டாக்டர் சந்திரசேகர். நோயாளிகளின் பயத்தை ஒழிப்பதற்காக அவர் இருபது தடிக்காவலர்களை வேலைக்கு எடுத்தார்.

முதல் ஸ்கேன் ஆறாம் தேதி. மையம் மல்லூரைத் தாண்டி நாமக்கல் சாலையில் இருக்கிறது. பஸ்ஸில் மாமாவின் விரலில் நாடி பார்க்கும் கருவியை மாட்டினேன்: 68. வாசலில் ஆள் உயரப் பலகை: 'அசையாத இதயமே அழகிய இதயம்'. அதன் கீழே காவலர்களின் தலைவர் வீரன் கையில் ஒலிபெருக்கியுடன் நின்றிருந்தார். முன்பு கோழிப்பண்ணைகளுக்குக் கோழி பிடிக்க ஆள் கூட்டிப் போகும் மேஸ்திரியாக இருந்தவர். ஒரு கையில் ஆறு கோழிகளைத் தலைகீழாகத் தூக்கினாலும் ஒன்றுகூடக் கத்தாது என்பதைப் பார்த்துத்தான் குழு அவரைத் தேர்ந்தெடுத்ததாம். (கேள்விப்பட்டது.)

அவர் மாமாவின் காதருகே ஒலிபெருக்கியை வைத்தார். "பதட்டப்படாதே!"

மாமா துள்ளி என் மேல் விழுந்தார். "ஏனுங்க, நானு பதட்டப்படலீங்களே."

"எதுத்துப் பேசறதே பதட்டந்தான். பேரென்ன?"

"அப்புசாமிங்க."

"அப்புசாமி, பதட்டப்படாதே!"

81.

காத்திருப்புக் கூடத்தில் வால்வு நோயாளிகள் பதினோரு பேர். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, நெஞ்சில் கை வைக்கச் சொல்லி, உறுதிமொழி வாசித்தார்கள். "என் இதயத்தின் தேவையற்ற ஒவ்வோர் அசைவுக்கும் நானே பொறுப்பு. இந்த மையத்தின் சராசரியை நான் குறைக்க மாட்டேன்." நடுவில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்ட ஒருவரைக் காலரைப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு சாய்த்து நிறுத்தினார்கள். காலர் கையோடு வந்துவிட்டது. பிறகு அவரைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தினார்கள்.

94.

ஸ்கேன் கட்டிலின் தலைமாட்டில் ஒரு சைரன் இருந்தது. துடிப்பு அறுபத்தைந்தைத் தாண்டினால் அதை நோயாளிக்குத் தெரியப்படுத்துவதற்காக. சைரன் அடித்தது, துடிப்பு ஏறியது, ஏறியதால் இன்னும் பெரிதாக அடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அபிநயா ஒலிவாங்கியில் "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. ரத்தம் படத்தில் தெரிவதற்காக ஊசியில் போடும் சாயம் மாமாவின் உடம்பில் சூடாக ஏறியபோது எண் 112. படத்தில் மாமாவுக்கு வால்வு நான்கு இருந்தது. ஐந்துக்கு ஒரு புள்ளி கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில், 'நோயாளியின் இதயம் ஒத்துழைக்கவில்லை'.

மாமாவின் சிறுநீரகம் மூன்று ஊசிக்கு மேல் சாயம் தாங்காது, நடுவில் ஒரு வாரம் இடைவெளி வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்கள். ஒன்று போயிற்று.

குழு தன் முயற்சிகளால் துடிப்பை ஏற்றிக்கொண்டிருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. ஆனால் குழுவில் ஒன்பது பேர், எல்லோரும் படித்தவர்கள். நான் இரண்டாம் பருவத் தேர்வில் இன்னும் தேறாதவள். சந்தேகக் கட்டத்தில் எழுதினேன்: 'கருவி பழுதாக இருக்கலாம். அல்லது நான்.'

இரண்டாம் ஸ்கேன் பதின்மூன்றாம் தேதி. அதற்குள் நிசப்தப் பிரிவு தொடங்கப்பட்டிருந்தது.

சாலையில் முட்டை லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஐந்து காவலர்கள் அதைத் துரத்தி மறித்து, ஹாரனை ஒயரோடு பிடுங்கினார்கள். டிரைவர் கேட்டார், "என்னத்துக்குங்க அடிக்கறீங்க?" அவர் சொன்னதில் பாதிதான் வெளியே வந்தது, மீதியை அவர் முட்டை அட்டைகளின் மேல் விழுந்து சொன்னார். மஞ்சள் கருவும் ரத்தமும் கலந்து வாசல் வரை ஓடியது. அதைத் துடைக்க வந்த பெண்ணின் வாளி சத்தமிட்டது. அவளுக்கும் கிடைத்தது.

உள்ளே நுழைந்ததும் ஒரு மேஜையில், சங்கிலியால் கட்டிய சுத்தியல். யாருடைய கைபேசியாவது ஒலித்தால் அதை அங்கே கொண்டுபோய் உடைப்பார்கள். ஒருவர் தன் கைபேசியை விடாமல் பிடித்துக்கொண்டதால் அதைக் கையோடு சேர்த்து உடைத்தார்கள். விரல் முறிந்தபோது அவர் அலறினார். அலறலுக்குத் தனி விதி இருந்தது: வாயில் பஞ்சு. அவர் நோயாளி அல்ல, நோயாளியின் மகன். பக்கத்தில் இருந்த நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "நெஞ்சைப் பிடிப்பது அசைவு" என்று அவர் கையைத் தடியால் தட்டிவிட்டார்கள்.

நான் குறித்துக்கொண்டே இருந்தேன். என் எழுத்து வரிக்கு வெளியே போய்விட்டது. அதையும் குறித்தேன்.

ஸ்கேன் அறையில் புதிதாக இரண்டு பேர். நாமக்கல் லாரிப்பேட்டையிலிருந்து வந்த சுமைக்காரர்கள். அவர்கள் கட்டிய சரக்கு நாக்பூர் போய்ச் சேரும்வரை ஒரு அங்குலம் நகராது என்பதால் குழு அவர்களைப் பயன்படுத்தத் தீர்மானித்திருந்தது. தார்ப்பாய்க் கயிற்றை மாமாவின் மார்புக்குக் குறுக்கே வீசி, ஒருவர் கட்டிலில் காலை ஊன்றி இழுத்தார்.

"மூச்சு உட முடியலைங்க," என்றார் மாமா.

"படம் புடிக்கறப்ப மூச்சு உடக் கூடாதுல்ல, அதுக்குத்தானுங்க," என்றார் சுமைக்காரர் மரியாதையாகவே.

அந்த முடிச்சை எனக்குத் தெரியும். எங்கள் கடைக்கு வரும் பேல்களிலும் அதுதான். வலது பக்கத் துண்டைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் முழுவதும் கழன்றுவிடும். அவிழ்க்கலாமா என்று யோசித்தேன். அவிழ்க்க அனுமதி உண்டா என்று தெரியவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.

121. படத்தில் இதயமே தெரியவில்லை. ஒரு புகை தெரிந்தது. புள்ளி: பூஜ்யம். குழுவின் வரலாற்றில் முதல் பூஜ்யம் என்பதால் டாக்டர் சந்திரசேகர் எங்களைத் தன் அறைக்கு அழைத்தார்.

அவர் கடுமையானவர் அல்ல. எங்களுக்கு நாற்காலி போட்டார். மாமாவின் மார்பில் கயிறு தோலை உரித்திருந்த இடத்தைக் கனிவோடு பார்த்தார்.

"அம்மா, இதயம் என்பது அடிப்படையில் ஒழுக்கமில்லாத உறுப்பு," என்றார். "கை சொன்னால் கேட்கும். கால் சொன்னால் கேட்கும். இது மட்டும் நிமிடத்துக்கு எழுபது முறை தன் இஷ்டத்துக்குக் குதிக்கும். நாங்கள் உறுதிமொழி கொடுத்தோம். சைரன் வைத்தோம். ஆள் வைத்துக் கட்டினோம். இவ்வளவு அன்பு காட்டியும் உங்கள் மாமாவின் இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறது என்றால், அது நன்றி கெட்டதனம் இல்லையா?"

"எனக்குத் துடிக்கலீன்னா செத்துருவனுங்களே," என்றார் மாமா.

"எல்லோரும் இதே சாக்கைத்தான் சொல்கிறார்கள்." அவர் எழுந்து சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தின் திரையை விலக்கினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு இதயம். வால்வின் மூன்று இதழ்களும் சுண்ணாம்புத் திட்டுகளும் கோலம் போட்டதுபோல் துல்லியமாக இருந்தன. "ஐந்துக்கு ஐந்து. இந்த மையத்தில் ஒரே ஒருவர் எடுத்தது. மேட்டூர்க்காரர், இளவழகன் என்று பெயர். முடிந்தது என்றால் எப்படி முடிந்தது? மனம் வைத்தார், முடிந்தது."

வெளியே வந்ததும் அபிநயா என்னைக் குடிநீர்க் குழாய் பக்கம் இழுத்துப் போனாள்.

"அந்தப் படத்தக் காட்டினாரா?"

"ஆமாங்க. ரொம்பத் தெளிவா இருக்குது."

"தெளிவாத்தான் இருக்கும். கயிறு கட்டின மொத நாளு. சாயம் வால்வு வரைக்கும் போச்சு, அதோட இதயம் அப்படியே நின்னு போச்சு. நான் கத்தினேன். யாரும் வரலை. படத்தப் பாத்துட்டுக் கை தட்டினாங்க. அவங்க ஊட்டம்மா வெளிய உக்காந்து ஆரஞ்சு உரிச்சுட்டிருந்தாங்க." அவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். "மூணாவது ஊசிதான் உங்களுக்கு மிச்சம். எப்படியாச்சும் இவரு துடிப்பக் கொறைங்க. இல்லாட்டி இவங்க கொறைச்சிருவாங்க."

திரும்பும் வழியில் ராசிபுரம் சாலை பிரிகிற இடத்தில் பஸ் நின்றது. பக்கத்து வயலில் ஒரு ரிக் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் சத்தத்தில் பஸ்ஸின் கண்ணாடிகள் அதிர்ந்தன. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். மாமா கண்ணை மூடினார். விரலில் கருவி இருந்தது. 90. 77. 66. 60.

பஸ் நகர்ந்து சத்தம் ஓய்ந்ததும் 79.

"மாமா, அந்தச் சத்தம் உங்களுக்கு ஒண்ணும் பண்ணலீங்களா?"

"சத்தம் என்ன பண்ணும் கண்ணு? சத்தம் இருந்தா வண்டி நல்லா ஓடுதுன்னு அர்த்தம். முப்பது வருசம் கம்ப்ரசருக்குப் பக்கத்துல துண்டு விரிச்சுத் தூங்கினவன் நானு. திடீர்னு நின்னுச்சுன்னா ராடு மாட்டிக்கிச்சு, இல்ல எவன் கையாச்சும் மாட்டிக்கிச்சு. அப்பத்தான் தூக்கிப் போடும். இந்த ஆசுபத்திரில ஒரு சத்தமும் இல்லாம இருக்குது பாரு, எவன் கை போச்சோன்னு மனசு அடிச்சுக்குது."

போனது கைதான் என்று நோட்டில் மட்டும் எழுதினேன்.

மூன்று நாள் வீட்டில் சோதித்தேன். கைபேசியில் ரிக் சத்தத்தைப் போட்டால் 61, 59, 60. அணைத்தால் 74, 78, 75. என் அத்தை ரிக் சத்தம் கேட்டுப் பாத்திரத்தைக் கீழே போட்டாள், அவளுக்கு 98. ஆக இது மாமாவுக்கு மட்டும் பொருந்துவது என்றும் எழுதி, அடிக்கோடு இட்டேன். சந்தேகக் கட்டத்தில்: 'மூன்று நாள் போதுமா?'

அந்தப் பக்கத்தை டாக்டர் சந்திரசேகரிடம் கொண்டுபோனேன். மாமாவின் காதில் ஒரு சிறு ஒலிக்கருவி வைத்தால் போதும் என்றேன். அவர் பொறுமையாக வாசித்தார்.

"சத்தத்தால் அமைதி வரும் என்கிறீர்கள். அப்படியானால் எங்கள் இருபது காவலர்கள் இதுவரை யாரை எதற்காக அடித்தார்கள்? அதை நீங்கள் யோசித்தீர்களா?"

நான் யோசித்தேன். வீரன் அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்தெடுத்தார். விடாமல் பிடித்ததால் கன்னத்தில் ஒன்று. காது இரண்டு மணி நேரம் கூவியது. கூவலை எந்த அலகில் அளப்பது என்று தெரியாததால் அந்தக் கட்டம் காலி.

மையத்தின் மேற்கு மதிலை ஒட்டி ஒரு கடலைக்காடு இருக்கிறது. காட்டுக்காரர் போர் போடச் சொல்லியிருந்த வண்டி மாமாவோடு பதினெட்டு வருடம் வேலை பார்த்த மாரியண்ணனுடையது என்பதை மாமாவே சொன்னார். சனிக்கிழமை தொடங்குவதாக இருந்தார்கள். நான் மாரியண்ணனைப் போய்ப் பார்த்தேன்.

"புதன்கிழமை காலையில பத்தே காலுக்கு ஆரம்பிக்க முடியுங்களா அண்ணா? ஸ்கேன் அப்பத்தான்."

"அப்புசாமியண்ணனுக்குன்னா இப்பவே ஆரம்பிக்கறேன்."

"தடியோட அடிக்க வருவாங்க. இருபது பேரு."

மாரியண்ணன் வண்டியிலிருந்து ராடு கழற்றும் ஸ்பேனரை இறக்கினார். என் கை நீளம் இருந்தது. "வரட்டும் சாமி. எங்களுக்கும் உக்காந்து உக்காந்து கை மரத்துப் போச்சு."

புதன்கிழமை, இருபதாம் தேதி. மாமாவைக் கட்டிலில் போட்டுச் சுமைக்காரர்கள் கட்டினார்கள். வீரன் இந்த முறை புதிய திட்டத்துடன் வந்திருந்தார்: துடிப்பு ஒவ்வொரு முறை அறுபத்தைந்தைத் தாண்டும்போதும் உள்ளங்காலில் ஒரு அடி. மூன்று அடி விழுந்திருந்தது. 118. அபிநயாவுக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு இந்தப் புறம், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து பதினாறு. மாரியண்ணன் வரமாட்டார் என்று எழுதினேன். மறந்திருப்பார், அல்லது நான் நேரத்தைத் தவறாகச் சொல்லியிருப்பேன்.

பத்து பதினேழுக்குக் கட்டடம் அதிர்ந்தது.

முதலில் கம்ப்ரசரின் முழக்கம். அதன்மேல் சுத்தி மண்ணில் இறங்கும் சத்தம், தடதடதடவென்று, தரை வழியாகக் காலில் ஏறியது. வீரன் கையில் ஓங்கிய தடியோடு அப்படியே நின்றார். அவர் முகத்தில், வாழ்நாளில் பார்த்த மிகப் பெரிய குற்றவாளியைப் பார்த்த பரவசம்.

"எல்லாரும் மேக்கால ஓடுங்கடா!"

இருபது பேரும் ஓடினார்கள். சுமைக்காரர்கள் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். ஜன்னல் வழியாகத் தெரிந்ததை வரிசையாக எழுதினேன். காவலர்கள் மதில் ஏறிக் குதித்தார்கள். முதலில் குதித்தவர் ஸ்பேனரின் மேல் குதித்தார். ரிக் ஆட்கள் ஏழு பேர். கல்மாவு அப்பி வெள்ளையாக நின்றார்கள். ஒரு காவலரின் தடி ஒருவர் மண்டையில் முறிந்தது. மண்டைக்காரர் முறிந்த பாதியைப் பிடுங்கி அதே காவலரின் வாயில் செருகினார். ஒருவரைக் காலைப் பிடித்து இழுத்துச் சேற்றுக் குழியில் போட்டார்கள். மேலே வந்தார், மறுபடி போட்டார்கள். வீரன் இரண்டு பேரைக் கழுத்தைச் சேர்த்துப் பிடித்துக் கோழி போலத் தூக்கினார். மூன்றாமவர் அவர் முழங்கையில் சங்கிலியை வீசினார். எலும்பு நொறுங்கியது கம்ப்ரசர் சத்தத்தில் கேட்கவில்லை. கை பின்பக்கமாக மடங்கியதில் தெரிந்தது. டாக்டர் சந்திரசேகர் ஒலிபெருக்கியோடு ஓடிவந்து "அமைதி! அமைதி!" என்றார். ஆழத்திலிருந்து பீறிய சேறு அவரை முழுதாக நனைத்தது. அதன்பின் யார் அவர் என்று தெரியாததால் அவருடைய ஆட்களே அவரை அடித்தார்கள். நடுவில் மாரியண்ணன் மட்டும் லீவரை விட்டு நகரவில்லை. ஒரு கண் மூடிப்போயிருந்தது. சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

உள்ளே மாமா சிரித்தார்.

"மேல்மண்ணு போயிருச்சு," என்றார் ஒலிவாங்கியில். "பாறை தொட்டுட்டான். நல்லா எறக்கறான் மாரி."

96. 80. 69.

"அறிவுச்செல்வி, போய் அந்தக் கயித்த அவுருங்க," என்றாள் அபிநயா. நான் ஓடிப்போய் வலது பக்கத் துண்டை இழுத்தேன். கயிறு தரையில் விழுந்தது. மாமாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. கண் சொருகியிருந்தது. நான் திரும்பி வந்தபோது 57.

"மூச்ச இழுத்துப் புடிங்க மாமா," என்றாள் அபிநயா. மாமா தூக்கத்திலேயே பிடித்தார். சில நொடிகள்தான். திரையில் வால்வு வந்தது. ஒன்றே ஒன்று. மூன்று இதழ்கள். சுண்ணாம்புத் திட்டுகளை எண்ண முடிந்தது, எண்ணினேன், பதினான்கு. அபிநயா மேஜையில் தலை கவிழ்த்து அழுதாள். கணினி தானாகவே புள்ளி போட்டது: ஐந்துக்கு ஐந்து.

கால் மணி நேரத்தில் குழு திரும்பி வந்தது. டாக்டர் சந்திரசேகரின் ஒரு காது தொங்கிக்கொண்டிருந்தது. அவர் திரையைப் பார்த்தார். சேறு பூசிய கையால் கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்போது போனார்?"

"யாருங்க?" என்றேன்.

"ஐந்து புள்ளி. எங்களுக்கு அனுபவம் இருக்கிறது அம்மா. உங்கள் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த இரங்கல்." உடைந்த கையோடு வீரன் வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து மாமாவின் முகத்தின் மேல் போர்த்தினார். அந்த விதியும் எழுதப்பட்டிருந்தது. மாமா துணியை விலக்கினார். வீரன் மறுபடி போர்த்தினார். "பொணம் அசையக் கூடாது," என்று முழங்காலை மாமாவின் தோளில் வைத்து அழுத்தினார்.

"ஏனுங்க, நானு உசுரோடதானுங்க இருக்கறேன்!"

மூன்றாம் முறை போர்த்தியபோது மாமா துணிக்குள்ளிருந்து ஒரு குத்து விட்டார். ராடு பிடித்த கை. வீரனின் மூக்கு பக்கவாட்டில் போயிற்று. துணி சிவந்தது. குழு அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டியது. உயிருள்ளவருக்கு ஐந்து புள்ளி கொடுத்தால் இளவழகனின் சாதனை மதிப்பிழக்கும் என்று ஒருவர் சொன்னார். அரை மணி நேரம் விவாதித்து, முத்திரை குத்தி, தாளை என் கையில் கொடுத்தார்கள்: 'படம் சிறப்பு. உயிருடன் இருந்ததற்காக ஒரு புள்ளி கழிக்கப்படுகிறது. நான்கு.'

அறுவை மருத்துவருக்கு மூன்று போதும். இருபத்தேழாம் தேதி வால்வு வைத்தார்கள். அளவு சரியாகப் பொருந்தியது. மறுநாள் மாமா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்.

முப்பதாம் தேதி காலையில் அவரை வீட்டுக்கு அழைத்துப்போக நான் மையத்துக்கு வந்தேன். சாலையிலிருந்தே சத்தம் கேட்டது.

காத்திருப்புக் கூடத்தின் நடுவில் ஒரு பழைய கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. டீசல் புகை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் நோட்டுப் பக்கம். என் கையெழுத்து, என் எண்கள். 'மாமாவுக்கு மட்டும்' என்று அடிக்கோடிட்டிருந்த வரி சட்டத்துக்குப் பின்னால் மடிக்கப்பட்டிருந்தது. மேலே: 'ரிக் முறை. அனைவருக்கும் கட்டாயம்.' காதைப் பொத்துகிறவர்களின் கைகளை அடிக்கக் காவலர்கள் வரிசையாக நின்றார்கள். வீரன் ஒரு கையில் மாவுக்கட்டுடன் மேற்பார்வை பார்த்தார்.

கம்ப்ரசருக்கு மிக அருகில், நாற்காலியோடு சேர்த்துத் தார்ப்பாய்க் கயிற்றால் ஒரு அம்மாவைக் கட்டியிருந்தார்கள். ஆத்தூரில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், சாலம்மாள் என்று கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. உதடு நீலமாக இருந்தது. நான் குனிந்து என் கருவியை அவர் விரலில் மாட்டினேன். 131.

"டீச்சர், வீட்டுல நீங்க எப்படித் தூங்குவீங்க?" என்று காதில் கத்திக் கேட்டேன்.

"ஃபேன் சத்தம்கூட ஆகாதும்மா எனக்கு," என்று உதட்டை அசைத்தார். "நிறுத்தச் சொல்லேன்."

135. 138. ஸ்கேன் அறைக் கதவருகே, அடுத்த ஐந்து புள்ளிப் படத்தை மாட்டத் தயாராக ஒரு வெற்றுக் கண்ணாடிச் சட்டம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

அனுமதி உண்டா என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம். மேஜையில் கைபேசி உடைக்கிற சுத்தியல் இருந்தது. சங்கிலி கம்ப்ரசர் வரை எட்டியது. டீசல் குழாயின் மேல் ஓங்கி ஒன்று வைத்தேன். டீசல் என் முகத்தில் பீய்ச்சியடித்தது. இயந்திரம் இரண்டு முறை இருமி நின்றது. வீரன் நல்ல கையில் தடியோடு என் மேல் பாய்ந்தார். அவர் முழங்காலில் ஒன்று வைத்தேன். அவர் விழுந்தார். மற்ற காவலர்கள் தலைவரின் உத்தரவை எதிர்பார்த்து நின்றார்கள். அவர் உத்தரவிடும் நிலையில் இல்லை.

டீச்சரின் முடிச்சில் வலது பக்கத் துண்டைப் பிடித்து இழுத்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. ஐந்து நிமிடம் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 110. 88. 70. 64. அபிநயா கதவைத் திறந்து அவரைத் தோளில் சாய்த்து உள்ளே கூட்டிப்போனாள்.

நோட்டைத் திறந்தேன். நேரம்: 11.20. இடம்: காத்திருப்புக் கூடம். அளவு: முன் 138, பின் 64, அடி இரண்டு. நான்காவது கட்டத்தில் முதல் முறையாக ஒரு சிறு கோடு மட்டும் போட்டேன்.

வீரன் எழுந்துகொண்டிருந்தார். நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, சுத்தியலை மறுபடி எடுத்தேன்.